பக்க எண்ணைக் காணோம்

நான் முதலில் திட்டியது அச்சகத்துக்காரனை. மாரிக்குப்பத்திலிருந்து காலையில் கிளம்பும் பெங்களூர் ரயிலில், வழக்கமான ஜன்னலோரத்தில் உட்கார்ந்து ஒரு தடித்த நாவலின் மூன்றாம் பாகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தின் கீழே எண் இல்லை. திருப்பினேன். அடுத்த பக்கத்திலும் இல்லை. அதற்கடுத்ததில் கடைசி வரியில் பாதியையும் காணோம்.

"வெலைய மட்டும் கொட்ட எழுத்துல போடறானுங்க. பக்கத்துக்கு நம்பரு அடிக்க மை இல்லியா இவனுங்களுக்கு?" என்று சத்தமாகவே சொன்னேன்.

பக்கத்தில் இருந்த வசந்தி எட்டிப் பார்த்தாள். "இன்னாடி ஒளர்ற? இதோ கீதே நம்பரு."

அவள் விரல் வைத்த இடத்தைப் பார்த்தேன். விரலின் நுனியைக் காணோம்.

என் பெயர் எஸ்தர். கேஜிஎஃப் என்கிற கோலார் தங்கவயலில், ஆண்டர்சன்பேட்டையில் வீடு. பெங்களூரில் ஒரு மருந்து மொத்த வியாபாரக் கடையில் வேலை. போக வர ரயிலில் கழிகிற நேரம்தான் எனக்கு வாய்த்த நூலகம். என்னைப் போல எந்நேரமும் புத்தகமும் கையுமாகத் திரிகிறவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு, கண்ணில் மின்னல் அடித்த அன்றைக்கே டாக்டரிடம் ஓடினால் போதும். அதற்காகத்தான் எழுதுகிறேன். வீரப்பிரதாபம் சொல்ல ஒன்றும் இல்லை. பயந்து நடுங்கிய கதைதான்.

அந்த 'மூன்றாம் பாகம்' என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பெட்டியில் பெண்கள் நான்கு பேர் ஒரு வரிசை. தடித்த புத்தகத்தைப் பையில் போட்டால் டிபன் பாக்ஸுக்கு இடம் இருக்காது. நின்றுகொண்டு படித்தால் கை விட்டுப்போகும். அதனால் நான்கு பேரும் சேர்ந்து ஒரு புத்தகம் வாங்கி, அதை வசந்தியிடம் கொடுத்துவிடுவோம். அவள் வைட்ஃபீல்டில் கார்மெண்ட்ஸ் டெய்லர். முதுகு அட்டையைக் கிழித்து, நூல் கட்டுகளைப் பார்த்து நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாகத் தைத்து, ஃபாக்டரித் துண்டுத்துணியில் மேலட்டை போட்டுக்கொண்டு வருவாள். முதல் பாகத்தை அவள் முடித்ததும் என்னிடம் வரும், என்னிடமிருந்து மற்ற இருவருக்கும் போகும். புத்தகத்தைக் கிழிக்கலாமா என்று முகம் சுளிக்கிறவர்கள் ஒரு தடவை நின்றுகொண்டே பங்காருப்பேட்டை தாண்டிப் பார்க்கட்டும்.

இதற்கு ஒரே ஒரு சட்டம். முன்னால் போகிறவள் வாயைத் திறக்கக் கூடாது. யார் செத்தார்கள், யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள், மூச்! ஒரு தடவை எங்கள் நால்வரில் ஒருத்தியான கலைவாணி தெரியாமல் ஒரு சாவை உளறிவிட்டாள். முழு வரிசைக்கும் மசால்வடை வாங்கிக் கொடுத்தும் வசந்தி அவளோடு பல நாள் பேசவில்லை.

இந்த நாவல் ஓர் அக்கா தங்கையைப் பற்றியது. ஒரே வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பிக்கொண்டு, பாதி ஆயுளாகப் பேசாமல் வாழ்கிறவர்கள். அன்று காலைதான் வசந்தி நான்காம் பாகத்தைத் தொடங்கியிருந்தாள். என் பாகத்தில் கடைசி இரண்டு மூன்று பக்கங்கள்தான் பாக்கி. அக்கா அடுப்பை மூட்டிக்கொண்டிருக்கிறாள், சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து கடப்பாரைச் சத்தம் கேட்கிறது. அந்த இடத்தில்தான் எனக்கு வரிகள் காணாமல் போயின.

அவசரம் புரிவதற்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் இடது கண் பிறவியிலிருந்தே மந்தம். ஆள் தெரியும், மாடு தெரியும், பஸ் வருவது தெரியும், அச்செழுத்து தெரியாது. எனக்கு இரண்டாம் வகுப்பிலேயே கண்டுபிடித்தார்கள், அப்போதே தாமதமாம். அன்றிலிருந்து வாசித்தது எல்லாம் வலது கண் ஒன்றால்தான். அந்தக் கண்ணில்தான் இப்போது வசந்தியின் விரல் பாதியாகத் தெரிந்தது.

முன்னறிவிப்பு வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சில நாளாகவே அந்தக் கண்ணில் கரும்புள்ளிகள் கொசு மாதிரிப் பறந்தன. கடைக்கண்ணில் பளிச் பளிச்சென்று மின்னல் அடித்தது. அது ஆடிக் காற்றடிக்கும் காலம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆடிக் காற்றில் கண்ணில் எது வந்தாலும் அது சைனைட் மண்தான். சுரங்கத்திலிருந்து எடுத்த பாறையை அரைத்துத் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய சாம்பல் நிற மண், மலை மலையாக ஊரைச் சுற்றி நிற்கிறது. காற்றடித்தால் அது வீட்டுக்குள் வரும், சோற்றில் விழும், கண்ணிலும் விழும். கண் சிவந்தாலும் சைனைட், உறுத்தினாலும் சைனைட். கழுவினால் சரியாகும். நானும் கழுவினேன், கழுவினேன், அப்படிக் கழுவினேன். விளக்கெண்ணெய் விட்டேன். ஜன்னலைத் திறந்து போட்டதற்காக வீட்டுக்காரரோடு சண்டை போட்டேன். கண்ணுக்கு வெளியே இருக்கும் தூசிக்குக் கண்ணுக்கு உள்ளே மின்னல் அடிக்குமா என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

ரயிலிலும் அதையேதான் சொன்னேன். "மண்ணு விழுந்திருக்கும்டி. ஆபீஸ் போயி மூஞ்சி கழுவினா சரியாப்பூடும்."

"இடது கண்ணை மூடு. என் மூஞ்சப் பாரு. இன்னா தெரியுது?"

"மூஞ்சி தெரியுது."

"முழுசாவா?"

அவள் நெற்றி தெரிந்தது, மூக்கு தெரிந்தது. மோவாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புத் துணி தொங்கியது. வசந்தி புத்தகத்தை மூடினாள். வைட்ஃபீல்டு வந்தது; அவள் இறங்கவில்லை. சூப்பர்வைசர் வாயில் விழ வேண்டிவருமே என்றேன். "விழறேன் போ" என்றாள். என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நேரே ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

கண்மணி விரிவதற்கான மருந்தை ஊற்றி ஊற்றி உட்கார வைத்தார்கள். அந்தக் கூடத்தில் எல்லோரும் அண்ணாந்து கண்ணை மூடியபடி இருந்தார்கள். சுவர் முழுக்கப் போஸ்டர்கள். படிப்பதற்கு ஏதாவது கிடைத்தால் பிஸ்கட் உறையைக்கூட விடாதவள் நான். மருந்து வேலை செய்யச் செய்ய ஒவ்வொரு போஸ்டராக எழுத்துக் கலங்கி மறைந்தது. அது மருந்தாலா, அந்தக் கறுப்புத் துணியாலா என்று தெரியவில்லை.

டாக்டர் சின்ன வயசுப் பெண், கன்னடக்காரர். என் தலையை ஒரு மெஷினில் அழுத்தி, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து, மேலே பார், கீழே பார் என்று நெடுநேரம் பார்த்தார். "யாவாகிந்த?" என்றார். எப்போதிருந்து என்கிறார். நான் கன்னடத்திலேயே மின்னலையும் கொசுவையும் சொன்னேன்.

"அன்றைக்கே ஏன் வரவில்லை?"

"சைனைட் மண் என்று நினைத்தேன்."

அவர் வசந்தியைத் திரும்பிப் பார்த்தார். "நாங்க கேஜிஎஃப், டாக்டர்," என்றாள் வசந்தி, அதுவே முழு விளக்கம் என்பது போல.

பிறகு டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். கண்ணின் பின்சுவரில் ஒரு மெல்லிய தோல் ஒட்டியிருக்கிறது. அதுதான் ரெட்டினா, விழித்திரை. நாம் பார்ப்பதெல்லாம் அதில்தான் விழும். எனக்கு அதன் மேலோரம் கிழிந்துவிட்டது. கிழிசல் வழியாகக் கண்ணுக்குள் இருக்கும் நீர் பின்னால் புகுந்து, ஓதமடித்த சுவரில் சுண்ணாம்பு பெயர்வது போல விழித்திரையை உரித்துக்கொண்டு வருகிறது. கண்ணுக்குள் எல்லாம் தலைகீழ். அதனால் மேலே உரிந்தால் பார்வையில் கீழே இருட்டு. விழித்திரையின் நடுவில் மாக்குலா என்று ஒரு சின்னப் புள்ளி. எழுத்தைப் படிப்பது அந்தப் புள்ளிதான்.

"அந்தப் புள்ளி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உரிதல் அதன் பக்கத்தில் வந்துவிட்டது. அது பெயர்வதற்குள் ஆபரேஷன் செய்தால் நீங்கள் படிக்கலாம். பெயர்ந்த பிறகு செய்தால் பார்வை வரும், ஆனால் படிக்கிற பார்வை எவ்வளவு வரும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது."

நாளைக் காலைதான் ஆபரேஷன் தியேட்டர் கிடைக்கும் என்றார்கள். அதுவரை மல்லாந்து படுக்க வேண்டும், தலையை ஆட்டக் கூடாது. வீட்டுக்காரர் வரும்வரை வசந்தி கட்டில் பக்கத்திலேயே நின்றாள். அப்புறம் பாதி ஷிப்டாவது பார்க்கிறேன் என்று ஓடினாள்.

என் வீட்டுக்காரர் ஜெயசீலன். ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். புத்தகம் என்றால் அவருக்கு மின்சார பில்தான். கல்யாணமான புதிதிலிருந்து, "எத்தினி படிச்சாலும் தீர மாட்டேங்குது பாரு" என்று அலமாரியைப் பார்த்துச் சலித்துக்கொள்வார். அன்று கையில் கிரீஸோடு அப்படியே வந்து நின்றார். "இன்னா சொல்றாங்க?" என்றார். சொன்னேன். என் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டார். கிரீஸ் கறை இரண்டு நாள் இருந்தது.

கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் மாதக் காலண்டர் ஒன்று தொங்கியது. இடது கண்ணை மூடிக்கொண்டு அதன் நடுத்தேதியையே பார்ப்பேன். மத்தியானம் கடைசி வாரம் இல்லை. சாயங்காலம் அதற்கு மேல் வாரமும் பாதி போய்விட்டது. நடுத்தேதி போனால் மாக்குலா போச்சு என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். பார்க்காமலும் இருக்க முடியவில்லை. கண்ணை மூடுவேன், ஐந்து நிமிஷம்கூடத் தாங்காது, மறுபடி பார்ப்பேன். வீட்டுக்காரர் இதைக் கொஞ்ச நேரம் கவனித்தார். எழுந்து போய்க் காலண்டரைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டிவிட்டு வந்தார். நர்ஸ் கேட்டபோது, "அதுக்கும் ரெஸ்ட் குடுத்துகிறேன் சிஸ்டர்" என்றார்.

காலையில் ஷிப்டுக்குப் போவதற்கு முன்னால் வசந்தி வந்தாள். நான் தூங்கவே இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வசந்தி, ஒண்ணு கேக்கறேன், தட்டாத. அந்தச் சொவத்துக்கு அந்தாண்ட யாரு? தங்கச்சிக்காரிதான் இடிக்கறாளா? ரெண்டு பேரும் சேர்றாங்களா?"

அவள் முகம் மாறியது. "இப்ப எதுக்கு அது?"

"எனக்கு மறுபடி படிக்க முடியாமப் பூட்டா? கதை பாதியிலயே நிக்கணுமா எனக்கு? நீதான் முடிச்சிருப்பியே. புத்தகம் கைக்கு வந்தா நீ எங்க வெப்ப?"

"முடிச்சா இன்னா, முடிக்கலன்னா இன்னா? சொல்ல மாட்டேன்."

"சட்டம் பாக்கற நேரமாடி இது?"

"சொல்ல மாட்டேன்னா சொல்ல மாட்டேன். நீயே படிச்சிக்கோ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழக் கூடாது என்று வேறு சொல்லியிருந்தார்கள். கல்நெஞ்சுக்காரி, ராட்சசி என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். என் வீட்டுக்காரர்கூட, "சொல்லிடேம்மா, கதைதான, இன்னா போவுது" என்று கெஞ்சினார். வசந்தி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு, 'போய் வரேன்' என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டாள். இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவள்! அந்த ஆத்திரத்தோடுதான் தியேட்டருக்குள் போனேன். ஒரு வகையில் அதுவும் நல்லதுதான், பயப்பட இடமில்லாமல் போயிற்று.

மயக்க மருந்து கொடுக்க மாட்டார்கள், கண்ணைச் சுற்றி மரத்துப்போக ஊசி போடுவார்கள் என்பது எனக்கு முன்னே தெரியாது. ஊசி வலித்தது, மறைக்க என்ன இருக்கிறது. முகத்தின் மேல் துணி போர்த்தி ஒரு கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்டார்கள். கண்ணுக்குள் கூழ் மாதிரி ஒரு பொருள் இருக்கிறதாம். அதை உறிஞ்சி எடுத்துவிட்டு, விழித்திரையைத் தட்டையாக்கி, கிழிசலைச் சுற்றி லேசரால் சூடு வைத்து, உள்ளே வாயுவை நிரப்புகிறார்கள். அந்த வாயுக் குமிழிதான் விழித்திரையைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருக்கும். எனக்குத் தெரிந்ததெல்லாம் வெளிச்சமும் நிழலும் மெஷின் சத்தமும் டாக்டரின் குரலும்தான். ஒரு சமயம் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். நான் கையை இறுக்கிக்கொண்டு, ஆண்டவரே அந்தப் புள்ளி, அந்தப் புள்ளி என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மாக்குலா ஒட்டியிருக்கிறது. கடைசி நேரத்தில் பிடித்தோம்," என்றார் முடிந்ததும். "ஆனால் நிற்குமா என்பது இனி உங்கள் கையில்."

என் கையில் என்றால், என் கழுத்தில். குமிழி எப்போதும் மேலே மிதக்கும். அது கண்ணின் பின்சுவரைத் தாங்க வேண்டுமானால் நான் முகத்தைக் கவிழ்த்தே இருக்க வேண்டும். படுத்தாலும் குப்புற, உட்கார்ந்தாலும் குனிந்து, சாப்பிட்டாலும் தரையைப் பார்த்து. குமிழி கரையும்வரை விமானத்தில் போகக் கூடாது, மலை ஏறக் கூடாது, உயரத்தில் வாயு விரிந்து கண்ணை அழுத்திவிடும் என்றார் டாக்டர்.

"நாங்க கீழ எறங்கற ஊரு டாக்டர்," என்றார் என் வீட்டுக்காரர். "ஷாஃப்ட்ல எறங்கலாமா?"

"சுரங்கம்தான் மூடிவிட்டார்களே?"

"அதான் பயமில்லாம கேக்கறேன்."

டாக்டர் சிரித்தது கேட்டது. எனக்குத் தெரிந்தது அவருடைய செருப்பு மட்டும்தான்.

பக்கத்துக் கட்டிலில் பேத்தமங்களாவிலிருந்து வந்த ஒரு தக்காளி விவசாயி. அவருக்கும் இதே ஆபரேஷன், அவரும் குப்புறத்தான். "இன்னாம்மா தெரியுது?" என்பார். "தரை" என்பேன். "எனக்கும் அதான்" என்பார். அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை. ஆஸ்பத்திரி பில் எவ்வளவு என்று நான் கேட்டபோதெல்லாம் வீட்டுக்காரர், "பில்லு உனக்கெதுக்கு, நீதான் எதையும் படிக்கக் கூடாதே" என்று மழுப்பிவிட்டார். இன்றுவரை எனக்குக் காட்டவில்லை. பில்லுக்காக அவர் பைக்கை விற்றுவிட்டாரோ என்று வீட்டு வாசலை மட்டும் பார்த்தேன், வண்டி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் ஒரு வேலை செய்தார். கடையில் கிடந்த பலகையில் முகம் அளவுக்கு ஓட்டை போட்டு, ஓரத்தில் ஸ்பான்ஜ் சுற்றி, மோட்டார் வைக்கும் இரும்பு ஸ்டாண்டில் மாட்டிக் கொடுத்தார். அதில் முகத்தைப் புதைத்து உட்கார்ந்தால் கழுத்து வலிக்காது. யார் வருகிறார்கள் என்பதைக் காலைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன். மகள் பிரிசில்லா பெங்களூரிலிருந்து லீவு போட்டு வந்தாள். செல்லில் யாரோ கதை படிக்கிற குரலை ஓடவிட்டு ஓட்டைக்குக் கீழே வைத்தாள். அந்தம்மா கதையை ரயில்வே அறிவிப்பு மாதிரிப் படித்தாள்.

"இது வேணாம்டி, எரிச்சலா வருது."

"மம்மி, சும்மா கேளு. அம்பது புக்கு டார்கெட் இன்னா ஆவறது?"

ஆமாம், அப்படி ஒரு இலக்கு எனக்கு உண்டு. ஒவ்வொரு ஜனவரியிலும் 'இந்த வருஷம் ஐம்பது' என்று சபதம் எடுப்பேன். போன வருஷம் அதைத் தாண்டினேன், ரயில் பெட்டி முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். இப்போது தரையைத் தவிர வேறொன்றும் இல்லாத நேரத்தில், படித்ததையெல்லாம் ஞாபகப்படுத்திப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். எனக்கே திக்கென்றது. ஆறுகளைப் பற்றி ஒரு கட்டுரைத் தொகுப்பு படித்தேன். ஓர் ஆறுகூட நினைவில்லை. ஒரு பஸ் கண்டக்டரின் கதை. அவர் பெயர் என்ன? டிசம்பரில் எண்ணிக்கைக்காக விழுங்கிய ஒல்லிப் புத்தகங்கள் அட்டை நிறத்தோடு நின்றுவிட்டன. ஆனால் இரவல் வாங்கிய குக்கரைத் திருப்பிக் கொடுக்கப் போய் வாசலிலேயே நின்றுவிடும் ஒருத்தியைப் பற்றிய சிறுகதை வார்த்தை வார்த்தையாக இருந்தது. அதற்காக நாங்கள் நான்கு பேரும் பங்காருப்பேட்டைவரை சண்டை போட்டோம். அவள் கொடுத்திருக்க வேண்டும் என்றாள் வசந்தி, கூடாது என்றேன் நான். சண்டை போட்டுப் படித்தது எல்லாம் இருந்தது, எண்ணிக்கைக்குப் படித்தது எல்லாம் போய்விட்டது. ஐம்பதைக் கைவிட்டேன். கண் வந்தால் ஒரே ஒரு கன்னட நாவல், எழுத்துக்கூட்டியாவது முழுசாகப் படிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். வாழ்நாளெல்லாம் கன்னடம் பேசுகிறேன், பஸ் போர்டைத் தாண்டிப் படித்ததில்லை. கண் வந்தால்தானே!

வசந்தியிடம் நான் பேசவில்லை. அவள் தினமும் போன் செய்தாள், வீட்டுக்காரர்தான் பேசினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். ஓட்டை வழியாகச் செருப்பைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. அவளும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "மேசை மேல வெச்சுகிறேன். கண்ணு வந்தா எடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். செய்தித்தாளில் சுற்றி நான்காம் பாகம். எடுத்து அலமாரிக்குள் வை என்று மகளிடம் சொன்னேன். என் கண்ணில் படுகிற இடத்தில் அது இருக்கக் கூடாது என்று தோன்றியது.

குமிழி கரைவதை நான் பார்த்தேன். பார்வையின் நடுவே ஒரு கோடு ஆடும், கொத்தனாரின் ரசமட்டத்தில் ஆடுகிற மாதிரி. கோட்டுக்கு மேலே உலகம் தெரியும், கீழே தண்ணீருக்குள் பார்ப்பது போலிருக்கும். நாளாக நாளாகக் கோடு இறங்கியது. இறங்கினால் நல்லது. ஆனால் இரண்டாம் தடவை காட்டப் போனபோது டாக்டர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். "ஓரத்தில் ஒரு இடம் எனக்குப் பிடிக்கவில்லை. மறுபடி லேசர் வைக்கிறேன். அதிலும் ஒட்டவில்லை என்றால் இன்னொரு ஆபரேஷன்."

லேசர் வைத்துவிட்டு ஒரு வாரம் பொறுக்கச் சொன்னார். அந்த வாரத்தை நான் எப்படித் தள்ளினேன் என்று கேட்காதீர்கள். யாரோடும் பேசவில்லை. சாப்பிட்டது இறங்கவில்லை. மகள் ஒரு தடவை அலமாரியைத் திறந்த சத்தத்துக்கே அவளைத் திட்டினேன். வீட்டுக்காரர் கடையை மூடிவிட்டு, பழைய காயிலைப் பிரித்துக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். செம்புக் கம்பி தரையில் சுருள் சுருளாக விழுவது ஓட்டை வழியாகத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வாரம் முடிந்து போனோம். கூடத்தில் அதே மருந்து, அதே அண்ணாந்த முகங்கள். டாக்டர் பார்த்தார், மறுபடி பார்த்தார், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். "ஒட்டிக்கொண்டது" என்றார். நான் சந்தோஷப்படவில்லை. "படிக்க முடியுமா?" என்றேன். மருந்தின் வேகம் தணியட்டும், குமிழியும் முழுசாகப் போகட்டும், பிறகு வீட்டில் பாருங்கள் என்றார். எழுத்துக் கொஞ்சம் நெளியலாம், அது பழகிவிடும் என்றார்.

குமிழி கடைசியில் ஒரு காசு அளவுக்கு வந்து, கீழே உருண்டுகொண்டிருந்து, ஒரு காலையில் எழுந்தபோது காணாமல் போயிருந்தது. நேரே அலமாரிக்குப் போனேன். கோபமெல்லாம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அந்தச் சுவர் என்னவாயிற்று என்று தெரிய வேண்டாமா? செய்தித்தாளைப் பிரித்தேன். நீலக் கட்டத் துணியில் மேலட்டை. முதல் சில பக்கங்கள் திறந்தன. அதற்கப்புறம் புரளவில்லை. இழுத்துப் பார்த்தேன். தடவிப் பார்த்தேன். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன்.

மீதிப் பக்கங்கள் எல்லாவற்றையும் சேர்த்து, திறக்கிற ஓரத்தில், மேலிருந்து கீழ்வரை மெஷின் தையல் போட்டிருந்தது. சின்னச் சின்னத் தையல், கெட்டியான ஜீன்ஸ் நூல். என் கண்ணுக்கு ஒவ்வொரு தையலும் தனித்தனியாகத் தெரிந்தது.

போனை எடுத்தேன். அவள் ஃபாக்டரியில் இருந்தாள், பின்னால் மெஷின்கள் ஓடும் சத்தம்.

"இன்னாடி பண்ணி வெச்சுகிற இந்தப் பொஸ்தகத்த?"

அவள் தன் மெஷினை நிறுத்தினாள். பிறகு, "நூலு தெரியுதா உனக்கு?" என்றாள்.

"தெரியுது. எப்பத் தெச்ச இத?"

"உன்ன ஆஸ்பத்திரில விட்டுட்டு வந்தன்னிக்கே. வந்து மெஷின்ல உக்காந்து மொதல்ல அதத்தான் தெச்சேன். சூப்பர்வைசரு திட்டிக்கினே நின்னான்."

"அப்ப நீ முடிக்கவே இல்லியா? முடிவு உனக்கே தெரியாதா?"

"தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்டி. நீ அழுத அழுகைக்கு யாரு வாய மூடிக்கினு நிப்பாங்க? நீ கேப்பன்னு தெரியும். கேட்டா சொல்லிடுவேன்னு தெரியும். சொல்லிட்டா, அவ்ளோதான், நீ இனிமே படிக்க மாட்டன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும். அதான் நானும் படிக்கல."

இத்தனை நாளும் நான் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கீழே வைக்கத் தெரியாதவள் அவள். போனில் நான் அழுதேன். இந்தத் தடவை அழலாம், டாக்டர் தடுக்கவில்லை.

தையலை நான் பிரிக்கவில்லை. வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னபிறகு அதை அப்படியே பையில் போட்டுக்கொண்டு மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்குப் போனேன். என் ஜன்னலோரத்தில் யாரோ உட்காரப் பார்த்ததை வசந்தி விரட்டிக்கொண்டிருந்தாள். நான் படுத்திருந்த நாட்களில் மூன்றாம் பாகத்தை முடித்துவிட்ட மற்ற இருவரும் ஏறி உட்கார்ந்ததும் புத்தகத்தை அவளிடம் நீட்டினேன். அவள் பையிலிருந்து நூல் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்து, மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு தையலாக வெட்டினாள். பிசிறை ஊதிவிட்டுத் திருப்பி என்னிடமே கொடுத்தாள்.

"நீ படி. சத்தமா. யாரும் முன்னால போவ வேணாம்."

எழுத்துக்கள் கொஞ்சம் நெளிந்தன. கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன், நின்றன. நான்கு பேரும் குனிந்தோம். முதலில் பக்கத்தின் கீழே பார்த்தேன். இருந்தது. வாய்விட்டு அந்த எண்ணைப் படித்துவிட்டுத்தான் கதையைத் தொடங்கினேன்.